என்ட்ரி போடுபவரா, கணக்குக்குப் பதில் சொல்பவரா?

மாதத்தின் 14-ம் தேதி கணக்குப் பிரிவில் இருப்பவர்களுக்கு மறக்காது. நமக்குச் சரக்கு விற்றவர்கள் என்னென்ன பில் காட்டியிருக்கிறார்கள் என்ற பட்டியல், ஜிஎஸ்டிஆர்-2பி என்ற பெயரில் போர்ட்டலில் தானாக வந்து நிற்கும். மாதாமாதம் தாக்கல் செய்பவர்களுக்கு ஜிஎஸ்டிஆர்-3பி தாக்கலுக்கு 20-ம் தேதி கடைசி நாள். நடுவில் ஆறே நாள். அந்த ஆறு நாளும் கோப்பைப் புரட்டி, ஸ்கேல் வைத்து வரிவரியாக டிக் அடித்த வேலையை இன்று மென்பொருள் சில நிமிடங்களில் முடித்துவிடுகிறது. டிக் அடித்தவர் இனி என்ன செய்வது? இந்தக் கட்டுரை அவருக்குத்தான்.

எது போய்விட்டது?

செயற்கை நுண்ணறிவு வந்து சேர்வதற்கு முன்பே மாற்றம் தொடங்கிவிட்டது. மின்-இன்வாய்ஸ் 2020 அக்டோபரில் 500 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்குக் கட்டாயமானது. வரம்பு படிப்படியாக இறங்கி, 2023 ஆகஸ்டில் 5 கோடியைத் தொட்டது. கோவை பம்ப் பட்டறை, திருப்பூர் பனியன் கம்பெனி, சிவகாசி அச்சகம் எனப் பலரும் உள்ளே வந்தார்கள். பில்லுக்கு 64 எழுத்து அடையாள எண் கிடைத்ததும், விவரம் விற்றவரின் ஜிஎஸ்டிஆர்-1க்குப் போகிறது. அவர் அதைத் தாக்கல் செய்ததும் வாங்கியவரின் 2பியில் தெரிகிறது.

இப்போது அதற்கு மேல் ஓர் அடுக்கு: பில்லைப் படம் பிடித்தால் வவுச்சராக்கும் கருவி, பேங்க் ஸ்டேட்மென்ட்டை லெட்ஜரோடு பொருத்தும் கருவி, பாக்கிக்காரருக்குக் கடிதம் எழுதித் தரும் சாட்பாட்.

எது போகாது?

கருவி எண்ணைப் படிக்கும். அந்த எண்ணுக்குப் பின்னால் நடந்தது அதற்குத் தெரியாது. மூன்று உதாரணங்கள்:

முதலாளியின் கார் சர்வீஸ் பில். ஜிஎஸ்டி எண், வரி எல்லாம் ஒழுங்காக இருக்கும், 2பியிலும் இருக்கும். கருவி பச்சை விளக்கு காட்டும். ஆனால் கார் பராமரிப்புக்கு இன்புட் கிரெடிட் எடுக்கப் பெரும்பாலான தொழில்களுக்குச் சட்டத்தில் இடமில்லை. எடுத்துப் பயன்படுத்திவிட்டால் பின்னால் வட்டியும் சேர்த்துக் கட்ட வேண்டிவரும்.

தேதி. பில்லில் 03/04 என்று இருந்தால் அது ஏப்ரல் 3. கருவி மார்ச் 4 என்று படித்துவிட்டால், செலவு முந்தைய நிதியாண்டில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

பாக்கி. பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் பணம் தராவிட்டால், எடுத்த கிரெடிட்டைத் திருப்ப வேண்டும். நாளைக் கருவி எண்ணிவிடும். ‘நூல் மட்டம், பாதி மூட்டையைத் திருப்பி அனுப்பினோம், கிரெடிட் நோட் இன்னும் வரவில்லை’ என்பது குடோன்காரருக்குத்தான் தெரியும். அவரிடம் போய்க் கேட்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளாக நீங்கள் மாறுங்கள்.

மூன்று மாதத் திட்டம்

1. ஒரு வாரம் உங்கள் வேலையை நோட்டில் எழுதுங்கள். தட்டச்சு, ஒப்பிடுதல், கேட்டறிதல், முடிவெடுத்தல் என நான்கு பத்தி போடுங்கள். முதல் இரண்டிலேயே நாள் கழிகிறது என்றால் உஷாராக வேண்டிய நேரம்.

2. ஒரே ஒரு வேலையைக் கருவியிடம் கொடுங்கள். பேங்க் ஸ்டேட்மென்ட் நல்ல தொடக்கம். இறுதி இருப்பு ஒத்துவராவிட்டால் உடனே தெரிந்துவிடும். முதல் மாதம் கையாலும் செய்யுங்கள். கருவி எங்கெங்கே தடுக்குகிறது என்று குறித்துவையுங்கள். அந்தப் பட்டியல் அலுவலகத்தில் வேறு யாரிடமும் இருக்காது.

3. கண்ணைப் பழக்குங்கள். ஜிஎஸ்டி எண்ணின் 15 எழுத்துகளில் முதல் இரண்டு மாநிலம்: தமிழ்நாடு 33, கர்நாடகம் 29. அடுத்த பத்து, பான் எண். ஓசூர் கடை என்று நினைத்த பில் 29-ல் தொடங்கினால் நிறுத்துங்கள். போட்டிருப்பது ஐஜிஎஸ்டிதானா என்று பாருங்கள்.

4. எதை ஏற்றக்கூடாது என்று முடிவு செய்யுங்கள். சம்பளப் பட்டியல், ஆதார், வங்கிக் கணக்கு எண் எதுவும் இலவச சாட்பாட் பக்கம் போகக் கூடாது. தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கு 2023-லேயே சட்டம் வந்துவிட்டது. கேட்டே ஆக வேண்டுமானால் பெயர்களையும் எண்களையும் மாற்றிவிட்டுக் கேளுங்கள்.

5. வரிச் சந்தேகத்துக்கு சாட்பாட் சொன்னதை ஆடிட்டர் சொன்னதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆஸ்திரேலிய அரசுக்கு டெலாய்ட் என்ற தணிக்கை, ஆலோசனை நிறுவனம் செயற்கை நுண்ணறிவின் துணையோடு எழுதித் தந்த ஓர் அறிக்கையில், இல்லாத ஆய்வுகள் ஆதாரமாகக் காட்டப்பட்டிருந்தது 2025-ல் அம்பலமானது. கட்டணத்தில் ஒரு பகுதியை அந்நிறுவனம் திருப்பித் தர ஒப்புக்கொண்டது. அவ்வளவு பெரிய இடத்துக்கே அந்தக் கதி. எந்தப் பிரிவு, எந்த அறிவிப்பு என்று கேளுங்கள். பிறகு மூலத்தைத் திறந்து நீங்களே படியுங்கள்.

லாகின் யாருடையது?

கம்பெனிகளின் கணக்கு மென்பொருளில், செய்த ஒவ்வொரு திருத்தமும் தேதியோடு பதிவாக வேண்டும், அந்தப் பதிவை அணைக்க முடியக் கூடாது என்பது 2023 ஏப்ரல் 1 முதல் விதி. கருவி போடும் என்ட்ரி உங்கள் லாகினில் விழுந்தால், அதன் தவறும் உங்கள் பெயரில்தான் நிற்கும். கருவிக்குத் தனி லாகின் கேளுங்கள். அது போடுவதை நீங்கள் பார்த்து ஒப்புதல் தந்த பிறகே கணக்கில் ஏற வேண்டும் என்று முதலாளியிடம் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த முறை சம்பள உயர்வு கேட்கப் போகும்போது, எத்தனை வவுச்சர் போட்டேன் என்ற கணக்கை எடுத்துப் போகாதீர்கள். கருவி உங்களை அதில் எளிதாக வென்றுவிடும். பச்சை விளக்கு எரிந்தும் நீங்கள் நிறுத்திய பில்கள் எவை, அதனால் மிஞ்சியது எத்தனை ரூபாய் என்று ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள்.