தோற்காத அணி ஏன் முதலிடம் பெறவில்லை?

(பி.எஸ்சி. கணிதம், இரண்டாம் ஆண்டு)

ஆண்டு முழுவதும் ஓர் ஆட்டத்தில்கூடத் தோற்காத அணிதான் முதலிடம் பெறும் என்று நம்மில் பலரும் எண்ணுவோம். நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். இத்தாலி நாட்டுத் தேசியக் கால்பந்து லீக்கின் 1978-79 ஆம் ஆண்டுப் புள்ளிப் பட்டியலைக் கண்டபோது அந்த எண்ணம் மாறியது.

அவ்வாண்டு லீக்கில் 16 அணிகள். ஒவ்வோர் அணியும் மற்ற 15 அணிகளுடன் இருமுறை மோத, ஆளுக்கு 30 ஆட்டங்கள். வெற்றிக்கு 2 புள்ளி, சமநிலைக்கு 1, தோல்விக்கு ஒன்றுமில்லை.

மத்திய இத்தாலியிலுள்ள பெருஜியா நகரத்தின் அணி, இலாரியோ கஸ்தாஞர் என்பவரின் பயிற்சியில், 30 ஆட்டங்களில் ஒன்றில்கூடத் தோற்கவில்லை. 11 வெற்றி, 19 சமநிலை; மொத்தம் 41 புள்ளிகள். மிலான் அணியோ 3 ஆட்டங்களில் தோற்றது. ஆயினும் 17 வெற்றி, 10 சமநிலையுடன் 44 புள்ளிகள் பெற்றுப் பட்டத்தை வென்றது. மற்ற அணிகளுடன் கண்ட சமநிலைகளுள் நான்கே நான்கு வெற்றியாகியிருந்தால் பெருஜியா 45 புள்ளியுடன் முந்தியிருக்கும்!

இங்கே ஒரு சிறு கணக்கு. அந்த முறையில் இரண்டு சமநிலைக்கும் 2 புள்ளி. ஒரு வெற்றி, ஒரு தோல்விக்கும் 2 புள்ளி. துணிந்து ஆடுவோர்க்குத் தனி ஊதியம் இல்லை. இதனை உணர்ந்தே 1981 இல் இங்கிலாந்தும், 1994 இல் இத்தாலியும் வெற்றிக்கு 3 புள்ளி என மாற்றின. அம்முறைப்படி கூட்டினால் மிலானுக்கு 61, பெருஜியாவுக்கு 52. மூன்று புள்ளி இடைவெளி ஒன்பதாகிறது.

பெருஜியாவின் சாதனை எளியதன்று. தோற்காமல் இருப்பதும் கடினமே என்பதை நான் அறிவேன். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஒரு பாடத்தில் தவறினாலும் படிப்பு நின்றுவிடுமோ என்று அஞ்சியே முதலாண்டைக் கழித்தேன். தவறாகக் கேட்டுவிட்டால் சிரிப்பார்களே என்று வகுப்பில் ஒரு சந்தேகமும் கேட்டதில்லை. எல்லாப் பாடங்களிலும் தேறினேன். ஆனால் வகைக்கெழுச் சமன்பாடுகள் புரியவே இல்லை.

இவ்வாண்டுதான் முதன்முறையாக எழுந்து நின்று கேட்டேன். கேள்வியே தவறு என்றார் பேராசிரியர். நண்பர்கள் சிரித்தார்கள். பிறகு, எப்படிக் கேட்டிருக்க வேண்டும் என்று அவரே கரும்பலகையில் பத்து நிமிடம் விளக்கினார். ஓராண்டாகப் புரியாதது அன்று புரிந்தது.

என்னைப் போல் அஞ்சி அமர்ந்திருக்கும் தோழர்களே, மிலானும் மூன்று முறை தோற்றது என்பதை மறவாதீர்கள்.