ஹெட்போனிலும் ஸ்பீக்கரிலும் ஒலியளவை எந்த வேளையில் அமைப்பது?

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விசாரம், இராணிப்பேட்டை ஆகிய ஊர்களிலிருந்து எங்கள் காது, மூக்கு, தொண்டைப் பிரிவுக்கு வருவோரிடம் தொழிலைப் பற்றி விசாரிப்பது எங்கள் வழக்கம். தோல் பதனிடும் ஆலையா, ஷூ கம்பெனியா, எந்த இயந்திரத்தில் வேலை, எத்தனை ஆண்டுகளாக என்று கேட்போம். அண்மைக் காலமாக இன்னொரு கேள்வியையும் சேர்த்திருக்கிறோம்: வேலை முடிந்து வீடு திரும்பிய பின் காதில் எதை மாட்டிக்கொள்கிறீர்கள்?

இக்கேள்விக்குக் காரணம் உண்டு. 1989ஆம் ஆண்டில் ஏ.ஆர்.ரகுமான் சென்னையில் தம் வீட்டின் பின்புறத்தில் ஒலிப்பதிவுக் கூடம் அமைத்தபோது அது அரிய செய்தி. இன்று ஒரு மடிக்கணினியும் மைக்கும் ஹெட்போனும் இருந்தால் பத்துக்குப் பத்து அறையே ஒலிப்பதிவுக் கூடமாகிவிடுகிறது. தேவாலயப் பாடற்குழுவுக்கு இசைச் சேர்ப்புச் செய்பவர், நஅத் பாடிப் பதிவேற்றுபவர், கானா பாடுபவர் எனப் பலர் பகலில் இயந்திரத்தின் முன் நின்றுவிட்டு இரவில் இப்பணியில் அமர்கிறார்கள். சிலர் ஸ்டூடியோ மானிட்டர் எனப்படும், ஒலியை மெருகேற்றாமல் உள்ளபடி தரும் ஸ்பீக்கர்களையும் வாங்கி வைத்திருக்கிறார்கள். கருவி நல்லதுதான். ஆனால் அதன் ஒலியளவைத் தீர்மானிக்கும் காது அந்த வேளையில் எந்த நிலையில் இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

ஒவ்வோர் உட்செவியிலும் சுமார் 15,000 மயிரணுக்கள் உள்ளன. ஒலியலையை நரம்பு உணரும் சைகையாக மாற்றுபவை இவையே. பேரிரைச்சலில் சில மணி நேரம் இருந்தால் இவை களைத்துப்போகும். அப்போது காது பஞ்சு அடைத்தாற்போல் இருக்கும், சிலருக்கு ‘கொய்’ என்ற இரைச்சல் கேட்கும். பெரும்பாலும் ஓரிரவிலோ ஓரிரு நாளிலோ இது சரியாகிவிடும். களைப்பும் மீட்சியும் நாள்தோறும் தொடர்ந்தால் ஒரு கட்டத்தில் அணுக்கள் மடிகின்றன. மனிதரில் அவை மீண்டும் முளைப்பதில்லை.

களைத்த காதுக்கு எல்லா ஒலியும் தணிந்தே கேட்கும். ஆகவே மாலையில் வீடு திரும்பியவர் தம் காதுக்கு இதமாகத் தோன்றும் அளவில் ஒலியை வைத்தால், அது உண்மையில் வேண்டியதைவிடக் கூடுதலாகவே இருக்கும். காயம்பட்ட காது தானே இன்னும் ஓர் அடியைக் கேட்டு வாங்குவது போன்றது இது. எனவே எங்கள் ஆலோசனை இதுதான்: விடுமுறை நாளின் காலையில், ஓய்ந்த காதோடு ஒலியளவை அமையுங்கள். அந்த இடத்தில் திருகின் மீது ஒரு பொட்டோ ஸ்டிக்கரோ ஒட்டிவையுங்கள். மாலையில் எவ்வளவு மந்தமாகத் தோன்றினாலும் அதைத் தாண்டாதீர்கள்.

அந்த அளவு எவ்வளவு? வயது வந்தோர் வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபல் வரை கேட்கலாம் என்பது உலக சுகாதார அமைப்பின் வரையறை. குழந்தைகளுக்கு அது 75 டெசிபல். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் கேட்கத்தக்க நேரம் பாதியாகிறது: 83 என்றால் 20 மணி, 86 என்றால் 10 மணி, 92 என்றால் வாரம் முழுவதற்கும் இரண்டரை மணி நேரமே. நம் தொழிற்சாலை விதிகளில் நெடுங்காலமாக உள்ள வரம்போ நாளொன்றுக்கு 8 மணி நேரம் 90 டெசிபல். முன்னது பொழுதுபோக்குக் கேட்டலுக்கென வகுக்கப்பட்டது என்பது உண்மைதான். ஆனால் இது கம்பெனி ஒலி, இது பாட்டொலி என்று மயிரணு பிரித்துப் பார்ப்பதில்லை. அந்தக் கணக்கின்படி 90 டெசிபலில் நிற்பவரின் ஒரு வார ஒதுக்கீடு, திங்கட்கிழமை ஷிப்டின் முதற்பாதியிலேயே தீர்ந்துவிடுகிறது. இரவுப் பாட்டுக்கு மிச்சம் ஏதும் இல்லை என்பதால்தான் இவர்களுக்கு மற்றவரைவிடக் குறைந்த அளவைச் சொல்கிறோம். கைக்கெட்டும் தொலைவில் நிற்பவரிடம் குரலை உயர்த்திப் பேச வேண்டியிருந்தால், அந்த இடம் 85 டெசிபலை எட்டியிருக்கிறது என்று கொள்ளலாம்.

ஸ்பீக்கருக்கு அளவு அமைப்பது எளிது. ஒலியளவு காட்டும் இலவசச் செயலியொன்றைப் போனில் நிறுவிக்கொள்ளுங்கள். வழக்கமாக அமரும் இடத்தில் தலை இருக்கும் உயரத்தில் போனைப் பிடித்து, ‘பிங்க் நாய்ஸ்’ எனப்படும், மழைபோல் சீராக இரையும் சோதனை ஒலியை இயக்குங்கள். ஒரு ஸ்பீக்கர் மட்டும் ஒலிக்கையில் 70 டெசிபல் காட்டும்படி வையுங்கள். மற்றதையும் அதே அளவுக்குக் கொண்டுவாருங்கள். இரண்டும் சேர்ந்தால் 73 அளவில் நிற்கும். சிறிய அறைக்கு இது தாராளம். போனின் மைக் சில டெசிபல் பிசகக்கூடும் என்பதால் கூடுதலாக வைப்பதைவிடக் குறைவாக வைப்பதே நல்லது.

“சார், இந்த அளவில் பேஸே கேட்கவில்லை” என்பார்கள். உண்மைதான். ஒலி தணியும்போது கனத்த ஒலிகளை மனிதக் காது மற்றவற்றைவிட அதிகமாக இழக்கிறது என்பதை அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த பிளெட்சர், மன்சன் இருவரும் 1933இல் அளந்து வெளியிட்டார்கள். அதனால் தவிலின் தொப்பி ஒலியும் பேஸ் கிதாரும் மெலிந்து தோன்ற, கை தானாகத் திருகுக்குப் போகிறது. கூட்டினால் பாடல் சிறந்துவிட்டதாகத் தோன்றும். பாடல் மாறவில்லை, காதின் இயல்பே அது. மேலும், அதிக ஒலியில் அமர்ந்து பேஸைச் சரிசெய்த பாடல் மற்றவர் வீட்டில் மெதுவாக ஒலிக்கையில் சோகையாகக் கேட்கும். நிலையான ஒரே அளவில் வேலை செய்வது காதுக்கு மட்டுமன்றிப் பாட்டுக்கும் நல்லது.

ஹெட்போனைப் போன் மைக்கால் சரியாக அளக்க முடியாது. குறித்துவைத்த அளவில் ஸ்பீக்கரில் ஒரு பாடலைக் கேட்டு, உடனே ஹெட்போனை மாட்டி, அதைவிடச் சற்றுக் குறைவாகத் தோன்றும்படி வைப்பது ஒரு வழி. போனில் உச்ச அளவின் 60 விழுக்காட்டைத் தாண்டாதிருப்பது இன்னொரு வழி. பல போன்களில் உச்ச வரம்பைப் பூட்டும் வசதியும் உண்டு. பிள்ளைகளின் போனில் பெற்றோர் அதை அமைத்துவிடலாம்.

நாங்கள் கண்டிப்பாக மறுக்கும் ஒரு பழக்கம் உண்டு. ஷேவிங், பஃபிங் இயந்திரங்களின் அருகே இயர்போனில் பாட்டுக் கேட்டபடி வேலை செய்வதே அது. இரைச்சலை மீறிக் கேட்க வேண்டுமானால் பாட்டு அந்த இரைச்சலையும் விஞ்ச வேண்டும். சாதாரண இயர்போன் காதுக் காப்பான் ஆகாது.

சிலர் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். பசையிலும் தின்னரிலும் இருக்கக்கூடிய டொலுயீன் போன்ற கரைப்பான்கள் இரைச்சலோடு சேர்ந்து காதை மேலும் கெடுப்பவை. சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்தும், அமிகாசின், ஸ்ட்ரெப்டோமைசின் ஊசிகளும் அதே மயிரணுக்களைத் தாக்கக்கூடியவை. இம்மருந்துகளைப் பெறுவோர் படுக்கையில் பொழுதுபோக ஹெட்போன் மாட்டுவதில் தவறில்லை. ஒலியளவை உடனிருப்பவர் ஒருமுறை பார்த்துக்கொள்ளட்டும்.

இரைச்சலால் வரும் பாதிப்பு முதலில் 4000 ஹெர்ட்ஸை ஒட்டிய மெல்லிய ஒலிகளில் தொடங்குகிறது. பேச்சு கேட்கும், ஆனால் கடையா, சடையா, தடையா, படையா என்பது பிடிபடாது. வீட்டாரே இதை முதலில் உணர்கிறார்கள். “கூப்பிட்டால் திரும்புகிறார், சொன்னதை மாற்றிப் புரிந்துகொள்கிறார்” என்று மனைவியோ மகளோ சொல்வதை நாங்கள் முக்கியமான நோய்க்குறியாகவே எடுத்துக்கொள்கிறோம்.

ஒரே நாளில் காது கேளாமற்போவது வேறு வகை. பின்னணிப் பாடகி அல்கா யாக்னிக் 2024 ஜூனில், வைரஸ் தாக்கத்தால் தமக்குத் திடீரெனக் கேள்திறன் குறைந்ததை வெளிப்படையாக அறிவித்தார். மிகுந்த ஒலியில் இசை கேட்பதையும் ஹெட்போன் பயன்பாட்டையும் பற்றி இளையோரை எச்சரிக்கவும் செய்தார். திடீரென ஒரு காது அடைத்துப்போனால் சளி, அழுக்கு என்று எண்ணி எண்ணெய் விட்டுக் காத்திருக்க வேண்டாம். அன்றோ மறுநாளோ வந்துவிடுங்கள். ஸ்டீராய்டு சிகிச்சை முதல் இரு வாரங்களுக்குள் தொடங்கினால்தான் பயன் தர வாய்ப்பு அதிகம்.

மற்றபடி கேள்திறன் பரிசோதனைக்கு வருவோர் அதற்கு முன் 14 மணி நேரமாவது இரைச்சலிலிருந்து விலகியிருக்க வேண்டும். இல்லையேல் களைப்பையும் நிலையான இழப்பையும் பிரித்தறிய இயலாது. ஷிப்டு முடிந்த கையோடு வராமல், ஞாயிறு ஓய்வுக்குப் பின் திங்கட்கிழமை காலையில் வேலைக்குப் போகுமுன் வருவது உகந்தது. வழக்கமாகப் பயன்படுத்தும் ஹெட்போனையும் போனையும் எடுத்து வாருங்கள். எந்த அளவில் கேட்டு வருகிறீர்கள் என்பதை அங்கேயே சேர்ந்து பார்த்துவிடலாம்.