நுரையில் பிறந்தவளா, கப்பலில் வந்தவளா?

கிரேக்கரின் காதல் தெய்வமான அஃப்ரோடைட்டி கடல் நுரையில் பிறந்தாள் என்கிறது ஒரு புத்தகம். ஜீயஸின் மகள் என்கிறது இன்னொன்று. எது சரி?

இரண்டுமே கிரேக்கர் சொன்னவைதான். நுரைக் கதை பழங்காலக் கவி ஹெசியடுடையது. ஜீயஸுக்கும் டையோனி என்ற தேவிக்கும் மகள் என்றவர் இன்னொரு கவியான ஹோமர். ஒருத்திக்கு இரண்டு பிறப்புச் சான்றிதழ் இருந்தால், பிறந்த ஊரே வேறோ என்று சந்தேகிப்பதில் தப்பில்லை. கி.மு. 1200 வாக்கில் 'லீனியர் பி' என்ற பழைய கிரேக்க எழுத்தில் எழுதிய களிமண் பலகைகளில் ஜீயஸ், ஹீரா, பொசைடன் பெயர்கள் உண்டு. இவள் பெயர் இதுவரை கிடைக்கவில்லை. இவளுடைய கோயில்களில் மிகப் பழையது சிரியாவின் அஸ்கலோனில் இருந்தது, சைப்ரஸ் கோயில் அதன் வழிவந்ததே என்று அந்தத் தீவினரே சொன்னார்கள் என எழுதுகிறார் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ். அந்தப் பக்கத்து இஷ்தாரும் அஸ்தார்த்தேயும் காதலுக்கும் போருக்கும் சேர்த்தே தெய்வங்கள். ஹோமரோ இவளைப் போர்க்களத்தில் அடிபட்டு அழவைக்கிறார். ஆனால் ஸ்பார்ட்டாவிலும் சைத்தெரா தீவிலும் இவள் ஆயுதம் தாங்கியே நின்றாள் என்கிறார் பயண எழுத்தாளர் பௌசேனியஸ். பழைய வீட்டின் வாசனை அவ்வளவு எளிதில் போகுமா?

'அஃப்ரோஸ்' என்றால் கிரேக்கத்தில் நுரை, ஆகவே பெயராவது கிரேக்கம்தானே என்று நீங்கள் கேட்கலாம். ஒலி ஒத்திருப்பதால் மட்டும் வேர் ஒன்றாகிவிடாது. புரியாத பெயருக்குப் பொருந்துகிற கதை கட்டுவது தல புராணக்காரர்களுக்குக் கைவந்த வித்தை. ஹெசியடும் அதைத்தான் செய்தார் என்பது என் கணிப்பு. அதற்காக இவளை வெறும் இறக்குமதிச் சரக்கு என்றும் தள்ள முடியாது. சைப்ரஸின் பேஃபோஸ் கோயிலில் சிலைக்குப் பதிலாகக் கூம்புக் கல்லைத்தான் வணங்கினார்கள். இவளுக்குப் பெண்ணுடல் செதுக்கி உலகறியச் செய்தது கிரேக்கச் சிற்பியின் உளி.