கூலண்டில் ஆயிலா? ஹெட்டைக் கழற்ற அவசரப்படாதீர்கள்

ரேடியேட்டர் மூடிக்கு அடியில் பழுப்பு நிறப் பசை ஒட்டியிருந்தால் "ஹெட் கேஸ்கெட் போச்சு" என்று முடிவுகட்டுவது செங்கல்பட்டு ஜி.எஸ்.டி. சாலையோரப் பட்டறைகளில் வழக்கம். பாதி நேரம் இது நியாயமான சந்தேகம்கூட இல்லை.

பல டீசல் கார்களில் ஆயில் கூலர் என்றொரு பாகம் உண்டு. அதற்குள் மெல்லிய உலோகத் தகட்டின் ஒரு பக்கம் இன்ஜின் ஆயிலும் மறுபக்கம் கூலண்டும் ஓடும். இன்ஜின் ஓடும்போது ஆயிலின் அழுத்தம் 2 முதல் 4 பார் வரை இருக்கும். கூலண்டுக்கோ சுமார் 1 பார்தான். தகட்டில் ஓட்டை விழுந்தால் ஆயில்தான் கூலண்டுக்குள் பாயும். எனவே கூலண்டில் ஆயில் கலந்து, டிப்ஸ்டிக்கில் ஆயில் சுத்தமாக இருந்தால் முதலில் ஆயில் கூலரைக் கழற்றுங்கள். ஆயில் வழியின் ஒரு முனையை அடைத்து, மறுமுனையில் காற்றை ஏற்றித் தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்தினால் குமிழி காட்டிக்கொடுத்துவிடும். ஹெட்டைக் கழற்றி லேத்துக்கு அனுப்பும் செலவு மிஞ்சும்.

கேஸ்கெட்டைச் சோதிக்க ரேடியேட்டர் வாயில் வைக்கும் நீலத் திரவம் உண்டு. எரிந்த புகை கூலண்டில் கலந்திருந்தால் பெட்ரோல் காரில் அது மஞ்சளாகும். நிறம் மாறவில்லை என்பதற்காகக் கேஸ்கெட்டை முழுக்க விடுவித்துவிடவும் முடியாது. புகை வராமல் ஆயில் மட்டும் கசியும் இடங்களும் அதில் உண்டு.

பசை இளஞ்சிவப்பாக, பாலாடைபோல் இருந்தால்? ஆட்டோமேடிக் கார் என்றால் ரேடியேட்டருக்குள்ளேயே இருக்கும் கியர் ஆயில் கூலரைப் பாருங்கள். அதற்கு மேல் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாதீர்கள். கியர்பாக்ஸுக்குள் தண்ணீர் போனால் கிளட்ச் தகடுகள் பாழாகும்.

ஆயில் ஊற்றும் மூடிக்கடியில் மட்டும் வெள்ளை நுரை படிவதை வைத்தும் பயமுறுத்துவார்கள். மழைக்காலத்தில் மாமல்லபுரத்துக்குள்ளேயே இரண்டு கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தும் காரில் இன்ஜின் முழுச் சூடாகாது. அதனால் ஆவியாகாமல் உள்ளேயே தங்கும் ஈரம்தான் அந்த நுரை. டிப்ஸ்டிக் சுத்தமாக இருந்து, கூலண்டும் குறையாவிட்டால் கவலை வேண்டாம்.

"தண்ணிதானே, போர் தண்ணி ஊத்து" என்பதுதான் கடற்கரையோரத்தில் பெரும் தீங்கு. கோவளம் முதல் கல்பாக்கம் வரை பல இடங்களில் நிலத்தடி நீர் உப்பு. உப்பிலுள்ள குளோரைடு அலுமினியத்தில் சிறுசிறு குழிகளாக அரிக்கும். கூலரில் ஓட்டை விழ அதுவும் ஒரு வழி. கார் நிறுவனம் சொல்லும் கூலண்டையும் டிஸ்டில்டு வாட்டரையும் மட்டுமே பயன்படுத்துங்கள்.

கடைசியாக, கசிவை அடைத்ததும் சோப்புத்தூள் போட்டு ஒருமுறை அலசினால் போதாது. தெர்மோஸ்டாட் மூடியிருந்தால் பாதி வழிக்கு அலசும் தண்ணீரே போகாது. அதற்கான கிளீனரை ஊற்றி, இன்ஜினைச் சூடேற்றி, வெளிவரும் தண்ணீர் தெளியும்வரை திரும்பத் திரும்ப அலச வேண்டும். ஆயிலில் ஊறி உப்பி, அழுத்தினால் கொழகொழவென்று அமுங்கும் ரப்பர் ஹோஸ்களை மாற்றிவிடுங்கள்.