பெட்டிக்குள் காற்றின் வழி

நியூயார்க்கின் பழைய அடுக்குமாடி வீடுகளில் ரேடியேட்டர்களுக்கு மறைப்புப் பெட்டி செய்யும் தொழிலில் அடியெடுத்து வைக்கும் இளம் தச்சருக்கு,

உள்ளே நீராவியோ வெந்நீரோ ஓடச் சூடேறி, அறைக்கு வெப்பம் தரும் இரும்புக் கருவியே ரேடியேட்டர். கதிர்வீசுவது என்று அதன் பெயர் பொருள்பட்டாலும், அது தரும் வெப்பத்தில் பெரும்பகுதி வெப்பச்சலனத்தால், அதாவது தரையோரக் குளிர்காற்று அடியில் புகுந்து, இரும்பைத் தொட்டுச் சூடாகி, இலேசாகி மேலெழுந்து அறையைச் சுற்றிவருவதால், பரவுகிறது. ஆகவே பெட்டியின் அழகைப் பற்றி எண்ணும் முன்பே காற்றின் பாதையைத் தச்சர் பார்த்தாக வேண்டும்.

முகப்பு முழுவதும் நேர்த்தியான ஜாலி அமைத்துவிட்டு, மேலே கனத்த பலகையை இடைவெளியின்றிப் பொருத்துவது பெரிய பிழை. எழுந்த காற்று பலகையில் முட்டித் தேங்க, ரேடியேட்டர் வெளிவிடும் வெப்பம் குறைகிறது. தரையை ஒட்டி நீள இடைவெளியும், மேற்பலகையிலோ முகப்பின் உச்சியிலோ தாராளமான திறப்பும் இருந்தால் அக்குறைவு பெரிதும் நீங்கும். மெல்லிய தாள் கீற்று ஒன்றை மேல்திறப்பில் பிடித்தால் அது படபடத்து எழ வேண்டும், கீழ் இடைவெளியில் பிடித்தால் உள்நோக்கிச் சாய வேண்டும்; அசையாமல் தொங்கினால் பெட்டியைத் திருத்தியே தீர வேண்டும்.

அறைக்கு வராத வெப்பமெல்லாம் வீணாகிறது என்ற எண்ணம் சரியன்று. நீராவி குளிர்ந்து நீராகும்போதே வெப்பத்தை விடுகிறது என்பதால், அடைபட்ட ரேடியேட்டரில் குறைந்த நீராவியே நீராகிறது. உண்மையான இழப்பு பின்புறத்தில் நேர்கிறது; தேங்கிய சூடு வெளிச்சுவரை வெதுப்பித் தெருவுக்குக் கசிவதால், அங்கே பளபளப்பான அலுமினியத் தகடு பொருத்துவது நன்று.

இந்நகரில் வெப்பம் குறைவது சில வேளைகளில் வரமாகவும் அமையும். 1918-ஆம் ஆண்டின் இன்ஃபுளூயன்சா கொள்ளைநோயை ஒட்டி, கடுங்குளிரில் ஜன்னல்களைத் திறந்துவைத்தாலும் அறை சூடாக இருக்க வேண்டும் என்ற கருத்தில் கொதிகலன்களும் ரேடியேட்டர்களும் மிகப் பெரியவையாக அமைக்கப்பட்டமையால், ஜன்னல் மூடிய அறைகள் இன்று புழுங்குகின்றன. ஆகவே அளவெடுக்கும் முன் வீட்டாரிடம் அறை குளிர்கிறதா புழுங்குகிறதா என்று கேட்பது தச்சரின் முதற்கடமை. குளிரும் அறையில் அடைத்த பெட்டி முதியோருக்கும் குழந்தைகளுக்கும் இழைக்கும் தீங்கு, புழுங்கும் அறையிலோ அதே பெட்டி துணையாகும்.

அறையின் சூட்டுக்கேற்பத் தானே மூடித் திறக்கும் வால்வு பெட்டிக்குள் அடைபட்டால், தேங்கிய காற்றின் சூட்டையே அறையின் சூடாகக் கொண்டு முன்கூட்டியே மூடிக்கொள்ளும். அத்தகைய இடத்தில் உணரியை நுண்குழாய் வழியே வெளியே கொண்டுவந்து வைக்கும் வகை வால்வே ஏற்றது. நீராவி வருவதும் நீர் திரும்புவதும் ஒரே குழாயில் நடக்கும் ஒற்றைக் குழாய் அமைப்பில் ரேடியேட்டரின் பக்கத்தில், சீறலோடு காற்றை வெளியேற்றி நீராவிக்கு இடம்விடும் சிறு காற்றுவால்வு பழுதாகி அடைத்துக்கொண்டால் ரேடியேட்டரே சூடாகாது. அதை மாற்ற வருபவரின் கை எட்டும்படி, முகப்பை ஆணியடித்து இறுக்காமல், தூக்கினால் கழன்றுவரும் கொக்கியில் மாட்டுவதே முறை.