மல்லிகை மேல் பழி போடாதீர்கள்

1. காலையில் எழுந்ததும் அடுக்கடுக்காகத் தும்மல், மூக்கில் தண்ணீராக ஒழுகல், கண்ணிலும் அண்ணத்திலும் அரிப்பு. ஆனால் காய்ச்சல் இல்லை, உடம்பு வலி இல்லை. பத்து நாள் தாண்டியும் இப்படியே இருந்தால் அது சாதாரண ஜலதோஷம் அல்ல, அலர்ஜியாக இருக்கலாம். குழந்தை உள்ளங்கையால் மூக்கை மேல்நோக்கித் தேய்த்துக்கொண்டே இருந்தாலும் அதே சந்தேகம்தான்.

2. பூதான் காரணம் என்று உடனே வாசல் மல்லிகையை வெட்டிவிடாதீர்கள். வண்டையும் தேனீயையும் நம்பும் பூக்களின் மகரந்தம் பிசுபிசுப்பானது, அதிகம் பறக்காது. (மல்லிகை வாசனையே சிலருக்குத் தும்மலை வரவழைக்கும், அது வேறு கதை.) காற்றை நம்பிப் பூக்கும் புல்லும் சவுக்கும்தான் நிஜக் குற்றவாளிகள். அவை பூத்திருப்பதே நம் கண்ணில் படாது.

3. காலி மனையில், கேரட் தழை மாதிரி இலையும் பொடிப்பொடியாக வெள்ளைப் பூவுமாக நிற்குமே, அதுதான் பார்த்தீனியம். மகரந்தம் மூக்கைத் தாக்கும். செடி பட்டால் சிலருக்குத் தோல் தடித்து அரிக்கும். மழைக்குப் பின் மண் இளகியிருக்கும்போது, பூ விடுவதற்கு முன்பே, கையுறையும் மாஸ்க்கும் போட்டு வேரோடு பிடுங்குங்கள். அலர்ஜி உள்ளவர் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

4. தொல்லை இருக்கும் மாதங்களில் தலையணை உறையையும் போர்வையையும் மொட்டைமாடிக் கொடியில் காயப்போடாதீர்கள், மகரந்தம் ஒட்டிக்கொள்ளும். வெளியே அலைந்துவிட்டு வந்து தலையைக் கழுவாமல் படுக்காதீர்கள்.

5. பைக்கில் போகும்போது ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிவிடுங்கள்.

6. கொதிக்கவைத்து ஆறவைத்த 250 மி.லி. நீரில் அரை டீஸ்பூன் அயோடின் சேராத உப்பு கலந்து மூக்கைக் கழுவலாம். குழாய்த் தண்ணீர் நேரடியாக வேண்டவே வேண்டாம்.

7. மூக்கடைப்புக்குக் கடையில் கேட்டு வாங்கும் சொட்டு மருந்து சில நிமிடங்களில் மூக்கைத் திறந்துவிடும். அதுதான் வினை. ஐந்து நாளுக்கு மேல் விட்டால், மருந்து இல்லாமல் மூக்கு திறக்காது என்ற நிலை வரும். டாக்டர் எழுதிக்கொடுக்கும் ஸ்டீராய்டு ஸ்ப்ரே நேர் எதிர். முதல் நாளே பலன் தெரியாது. தினமும் அடித்தால்தான் சில நாளில் பிடிபடும். "ஒண்ணும் கேக்கலை" என்று இரண்டாம் நாளே தூக்கிப்போடுபவர்கள் உண்டு.

8. தும்மல் வந்த நாளைக் காலண்டரில் பேனாவால் சுழித்து வையுங்கள். அடுத்த வருஷமும் அதே மாதம் வந்தால் டாக்டருக்குப் பாதி வேலை மிச்சம்.

9. நெஞ்சில் விசில் மாதிரி சத்தமோ மூச்சுத் திணறலோ வந்தால், கைவைத்தியத்தில் நேரம் கடத்தாமல் அப்போதே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.