எடையை வென்ற சுழற்சி

மாணவர்களே! ஒரு பம்பரத்தை ஆணி முனையில் நிறுத்திப் பாருங்கள். உடனே சாய்ந்துவிடும். அதையே கயிற்றைச் சுற்றி வீசினால் நிமிர்ந்து நின்று சுழலும். பம்பரத்தின் இந்த இயல்பைக் கொண்டு ஒரு பள்ளியின் அணி புகழ்பெற்ற பல்கலைக்கழகங்களை வென்ற வரலாற்றைக் காண்போம்.

நாம் ஆடும் கால்பந்து வேறு. அமெரிக்கக் கால்பந்து வேறு. அங்கே பந்தைக் கையில் ஏந்தி ஓடலாம். எதிரணியினர் ஓடுபவரைப் பிடித்துக் கீழே வீழ்த்துவர். பந்தும் உருண்டையானதன்று, இரு முனையும் கூம்பி நீண்டிருக்கும்.

1906க்கு முன் பந்தை முன்னோக்கி எறிய விதி இடம் தரவில்லை. எனவே ஆட்டக்காரர்கள் ஒன்றாகத் திரண்டு மோதியே முன்னேறினர். இதன் விளைவைக் கணக்கிடுவோம். நிறையைத் திசைவேகத்தால் பெருக்கினால் கிடைப்பது உந்தம். 90 கிலோ நிறையுள்ள ஐவர் விநாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் சேர்ந்து வந்தால் அவர்களின் உந்தம் 2,250 அலகுகள். எதிரே 75 கிலோ நிறையுள்ள ஒருவர் 8 மீட்டர் வேகத்தில் பாய்ந்தாலும் அவரது உந்தம் 600 அலகுகளே. மோதலில் எவர் நசுங்குவார் என்று சொல்லவும் வேண்டுமா?

1905ஆம் ஆண்டின் ஆட்டப் பருவத்தில் மட்டும் ஏறத்தாழ 18 இளைஞர்கள் உயிரிழந்தனர். அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தியோடர் ரூசவெல்ட் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் ஆகிய பல்கலைக்கழகங்களின் பிரதிநிதிகளை வெள்ளை மாளிகைக்கே அழைத்துப் பேசினார். மறு ஆண்டு விதிகள் மாறின. பந்தை முன்னோக்கி எறிய அனுமதி கிடைத்தது. 1906லேயே செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழக அணி அவ்வாறு எறிந்து ஆடியது. எனினும் பெரிய அணிகள் பலவும் பழைய முறையையே விடாமல் பற்றியிருந்தன.

புதிய வழியை நன்கு பயன்படுத்தியவர்களுள் பென்சில்வேனியா மாநிலத்துக் கார்லைல் பள்ளி மாணவர்கள் குறிப்பிடத்தக்கவர்கள். இவர்கள் அமெரிக்கப் பழங்குடியினர். 1879இல் தொடங்கப்பட்ட அப்பள்ளி அவர்களைப் பெற்றோரிடமிருந்து பிரித்து, தலைமுடியை வெட்டி, தாய்மொழி பேசுவதையும் தடுத்தது. எதிரணியினரைவிட எடை குறைந்த இம்மாணவர்களுக்கு வேகமும் கூர்மையான குறியுமே துணை. கிளென் வார்னர் பயிற்சியாளராக இருந்தார்.

1907 அக்டோபர் 26 அன்று பிலடெல்பியா நகரில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்துடன் ஆட்டம். பீட்டர் ஹௌசர் என்ற மாணவர் பந்தைச் சுழலவிட்டு நெடுந்தொலைவு எறிந்தார். ஓடிக்கொண்டிருந்த தோழர் அதைப் பிடித்தார். இங்கேயும் ஒரு கணக்குப் போடுவோம். விநாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் எறிந்த பந்து 36 மீட்டரைக் கடக்க ஏறத்தாழ 2 விநாடி போதும். அதற்குள் விநாடிக்கு 7 மீட்டர் ஓடுபவர் சுமார் 14 மீட்டரே செல்ல முடியும். மோதித் திறக்க வேண்டிய சுவரை, அரைக் கிலோகூட இல்லாத பந்து தாண்டிச் சென்றுவிட்டது!

பந்தை ஏன் சுழற்ற வேண்டும்? சுழலாத பந்து காற்றில் தாறுமாறாகப் புரளும். அகன்ற பக்கம் காற்றை எதிர்கொள்ளும்போது தடை மிகும், குறியும் தவறும். நீண்ட அச்சைப் பற்றிச் சுழலும் பந்துக்குக் கோண உந்தம் உண்டு. அது அச்சின் திசையை எளிதில் மாறவிடாது. கூரிய முனையே காற்றைக் கிழித்துச் செல்லும்.

இங்கே ஒரு புதிர். அச்சு மாறாதெனில், மேல்நோக்கி எறிந்த பந்தின் மூக்கு இறங்கும்போதும் மேல்நோக்கியே இருக்க வேண்டுமல்லவா? ஆனால் மூக்கு கீழ்நோக்கித் திரும்புகிறது! 2020இல் அமெரிக்க இயற்பியலாளர்கள் இதற்கு எளிய விளக்கம் தந்தனர். சாய்ந்த பம்பரம் விழாமல் தலையாட்டிச் சுற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். பம்பரத்தைப் புவியீர்ப்பு சாய்க்க முயல்வதுபோல, பந்தின் மூக்கைக் காற்று திருப்ப முயல்கிறது. உடனே மூக்கும் பறக்கும் பாதையைச் சுற்றித் தலையாட்டுகிறது. பாதை வளைய வளைய, மூக்கும் அதைப் பின்தொடர்கிறது.

கார்லைல் அணி பென்சில்வேனியாவை 26–6 என வென்றது. பிரின்ஸ்டனிடம் 0–16 எனத் தோற்றது. பிறகு ஹார்வர்டை 23–15 எனவும், சிகாகோவை 18–4 எனவும் வென்றது. அப்பருவத்தில் மொத்தம் 10 வெற்றி, ஒரே தோல்வி. அவ்வணியில் அன்று மாற்று ஆட்டக்காரராக இருந்த ஜிம் தோர்ப், 1912 ஒலிம்பிக்கில் இரண்டு தங்கப் பதக்கங்கள் பெற்றார்.

கார்லைல் பள்ளி 1918இல் மூடப்பட்டது. அங்கே இறந்து புதைக்கப்பட்ட குழந்தைகள் பலரின் எச்சங்கள் 2017 முதல் அவர்களுடைய உறவினர்களிடம் ஒப்படைக்கப்பட்டு வருகின்றன. வெற்றிகளோடு இதையும் நாம் நினைவிற் கொள்ள வேண்டும்.

செய்து பாருங்கள்: கழற்றிய மிதிவண்டிச் சக்கரம் ஒன்றின் அச்சை இரு கைகளாலும் பிடித்துக்கொள்ளுங்கள். நண்பர் ஒருவரைச் சக்கரத்தை வேகமாகச் சுழற்றச் சொல்லுங்கள். (விரல்களும் ஆடையும் கம்பிகளில் சிக்காமல் பார்த்துக்கொள்க!) இப்போது அச்சைச் சாய்க்க முயலுங்கள். சக்கரம் உங்கள் கையை எப்பக்கம் தள்ளுகிறது? சுழற்சியின் திசையை மாற்றினால் என்ன ஆகிறது? கண்டதைக் குறிப்பேட்டில் எழுதி வையுங்கள்.